என் வயலில் கேட்ட உன் குரல்

திருக்காட்டுப்பள்ளி
12.9.2025

சதீஷ்,

நீ என் நம்பரை பிளாக் பண்ணி நாலு நாளாகிறது. போனை அடைக்கலாம், தபாலை அடைக்க முடியாதே. உன் பெண்டாட்டி பூர்ணிமாவிடம் உங்கள் இங்கிலாந்து விலாசம் வாங்கி எழுதுகிறேன். அதற்காக அவளோடு சண்டை போடாதே. நான்தான் வற்புறுத்திக் கேட்டேன்.

திங்கள்கிழமை நடந்ததைத் துண்டு துண்டாக வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பாய். முழுதாகக் கேள்.

நாலு வருஷமாக நம்ம சம்பா நடவு மேற்கு வங்காளத்து ஆட்கள்தான் என்று உனக்குத் தெரியும். பதினோரு பேர். மூத்தவன் ரஃபிகுல். போன வருஷம் நீ வீடியோ காலில் வந்தபோது என் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அங்க ரொம்ப குளிரா அண்ணா?" என்று கேட்டானே, அவன்தான்.

காலை ஒன்பது மணி இருக்கும். தெற்கு வயலில் பாதி நட்டாகிவிட்டது. நாகநாதன் சித்தப்பா இருபது பேரோடு வரப்பில் வந்து நின்றார். "எல்லாரையும் மேல ஏறச் சொல்லு ஆனந்தி" என்றார். எதுக்கு என்றேன். "இவனுங்க வங்காளம் இல்ல, பங்களாதேஷ். அத்தனையும் போலி ஆதார். குரூப்ல வீடியோ வந்திருக்கு." ஆதார் நகல் வீட்டில் இருக்கிறது, அஞ்சு நிமிஷத்தில் எடுத்து வருகிறேன் என்றேன். சித்தப்பாவே கொஞ்சம் தயங்கினார். அது எனக்குத் தெரிந்தது. போய் எடுத்து வா என்று சொல்ல வாயெடுத்தார்.

அப்போது கூட்டத்தில் ஒருத்தன் குரூப்பில் வந்திருந்த ஒரு வாய்ஸ் மெசேஜை ஸ்பீக்கரில் போட்டான்.

"சித்தப்பா, இன்னைக்கு இவனுங்கள விட்டா நாளைக்கு ஊரே நம்மளது இல்ல. பேசிக்கிட்டு நிக்காதீங்க. அடிச்சு விரட்டுங்க."

உன் குரல், சதீஷ். அம்மா போனபின் ஏழு வயதிலிருந்து நான் சோறு போட்டு வளர்த்த குரல் என் வயலில் கேட்டது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை போட்டார்கள்.

ரஃபிகுல் கையில் நாற்று முடியோடு அப்படியே நின்றான். சித்தப்பாவின் மண்வெட்டிக் காம்பால் முதல் அடி தோளில். இரண்டாவதைத் தடுக்கக் கையை நீட்டினான், வலது முன்கை ஒடிந்தது. சத்தம் எனக்குக் கேட்டது. நடுவில் போனேன். சித்தப்பா என்னைப் பிடித்துத் தள்ளினார், சேற்றில் விழுந்தேன். மற்ற பத்துப் பேரும் வாய்க்காலைத் தாண்டி ஓடினார்கள். கல் எறிந்தபடியே பின்னால் ஓடினார்கள் நம்ம ஊர்க்காரர்கள்.

சாயங்காலம் உனக்கு போன் பண்ணிக் கத்தினேன். நீ என்ன சொன்னாய்? "அக்கா, அரசியல் பேசாத" என்றாய். அப்புறம் பிளாக்.

எது அரசியல்? ஒடிந்த கையா?

பதில் எழுது.

ஆனந்தவல்லி


இங்கிலாந்து
24.9.2025

அக்கா,

கடிதம் வந்தது. கை ஒடிந்ததற்கு வருத்தப்படுகிறேன். ஆனால் ஒடித்தது நான் இல்லை. நான் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்தேன். குரூப்பில் நூறு பேர் நூறு விதமாகப் பேசினார்கள், அதில் நானும் ஒருத்தன். "அடிச்சு விரட்டுங்க" என்பது பேச்சுவழக்கு. அதைப் பிடித்துக்கொண்டு என்னைக் கொலைகாரன் மாதிரி எழுதியிருக்கிறாய்.

நீ உன் வயலை மட்டும் பார்க்கிறாய். வேம்பு அக்காவைக் கேட்டாயா? முப்பது வருஷம் நம்ம நிலத்தில் நடவு நட்டவங்க. இன்றைக்கு அவங்க தெருவில் எத்தனை பொம்பளைகளுக்கு நடவு வேலை இருக்கிறது? பத்துப் பெண்கள் நாள் முழுக்க நடுவதை இவர்கள் மத்தியானத்துக்குள் முடித்துவிடுகிறார்கள், கூலியும் குறைவு. உனக்கு லாபம். அவங்க எங்கே போவாங்க?

வெளியிலிருந்து ஆட்கள் அளவுக்கு மீறி வந்தால் ஒரு ஊர் என்னவாகும் என்று இங்கே கண்ணால் பார்க்கிறேன். படகில் வருகிறவனுக்கு ஹோட்டலில் அறை, மூன்று வேளைச் சாப்பாடு. வரி கட்டுகிற நாங்கள் டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருக்கிறோம். இங்கே இருக்கிறவன் கோபப்படுவதில் என்ன தப்பு? நான் பரீட்சை எழுதி, விசா வாங்கி, முறையாக வந்தவன். அவனும் நானும் ஒன்றில்லை. எனக்கு இங்கே யாராலும் ஒரு பிரச்சினையும் இல்லை. மரியாதையாக இருந்தால் மரியாதை கிடைக்கும்.

இன்னொன்று. நிலம் கூட்டுப் பட்டா. பாதி என் பேரில் இருக்கிறது. என் பாதியில் இனிமேல் வடக்கத்தி ஆட்கள் கால் வைக்கக் கூடாது. இதை எழுத்திலேயே சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சதீஷ்


திருக்காட்டுப்பள்ளி
6.10.2025

சதீஷ்,

பரீட்சை எழுதியவள் பூர்ணிமா. நர்ஸ் வேலைக்கு விசா வாங்கியதும் அவள்தான். நீ அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு போனவன். விமான நிலையத்துக்கு உங்களைக் கொண்டுவந்து விட்டது நான், எனக்கு நீ கதை சொல்லாதே.

வேம்பு விஷயத்தில் நீ சொன்னது உண்மை. அது என்னைக் குத்தியது. கூலி குறைவு என்றுதான் முதல் வருஷம் அவர்களைக் கூப்பிட்டேன், மறைக்கவில்லை. அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியவள். என் கையை ஒடித்திருக்கலாம். ரஃபிகுல் கையை ஏன்?

இங்கே நடந்ததைக் கேள். ஓடிய பத்துப் பேரையும் போலீஸ் பிடித்து ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் வைத்து விசாரித்தது. நான் ஆதார் நகல்களோடு போனேன். அவர்கள் ஊர் பஞ்சாயத்துக்கே போன் போட்டுக் கேட்டார்கள். பதினோரு பேரும் இந்த நாட்டுக்காரர்கள். தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுப் போடுகிறவர்கள். இதைக் குரூப்பில் யாராவது போட்டார்களா? பத்துப் பேரும் கூலியைக்கூட முழுதாக வாங்காமல் ரயிலேறிவிட்டார்கள். ரஃபிகுல் மட்டும் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தான். கைக்குப் பிளேட் வைத்திருக்கிறார்கள்.

வார்டுக்கு எஸ்.ஐ. வந்தார். யார் அடித்தது என்று கேட்டார். "கூட்டமா இருந்தாங்க சார்" என்றான் ரஃபிகுல். எஸ்.ஐ. தன் போனில் அந்த வாய்ஸைப் போட்டார். "இது யாரும்மா? தெரியுமா?"

தெரியலை சார் என்றேன்.

வீடியோ காலில் உன்னை அக்கறையாக விசாரித்தவன் ரஃபிகுல், சதீஷ். உன் குரல் அவனுக்குத் தெரியும். நான் பொய் சொல்கிறேன் என்றும் தெரியும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன்.

அடையாளம் தெரியாத நபர்கள் என்று வழக்குப் பதிவாகியிருக்கிறது. சித்தப்பா சாயங்காலமானால் டீக்கடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் ரஃபிகுலை நம்ம வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். உன் அறையில் படுத்திருக்கிறான். வீட்டில் பாதி உன் பேரில் இல்லை, அப்பா அதை எனக்கு எழுதி வைத்தார்.

கடைசியாக ஒன்று. உனக்கு அங்கே ஒரு பிரச்சினையும் இல்லை என்று எழுதினாய். ஆகஸ்டிலிருந்து நீ பஸ் ஏறுவதில்லை, நாற்பது நிமிஷம் நடந்தே வேலைக்குப் போகிறாய் என்று பூர்ணிமா சொல்கிறாள். ஏன் என்று கேட்டால் அவள்மேல் எரிந்து விழுகிறாயாம். என்ன நடந்தது?

ஆனந்தவல்லி


இங்கிலாந்து
19.10.2025

அக்கா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். போனில் சொல்ல வராது. பூர்ணிமாவிடம் நேற்றுத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட், இரண்டாவது சனிக்கிழமை. பகல் மூன்று மணி. எனக்கு லீவு. கடைக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நின்றேன். எங்கள் ஊரில் ஒரு ஹோட்டலில் அகதிகளை வைத்திருக்கிறார்கள். சூடான், ஆப்கானிஸ்தான், எரித்ரியா என்று பல நாட்டுக்காரர்கள். அன்றைக்கு அதற்கு எதிராக ஊர்வலம். எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் வெளியே வந்திருக்க மாட்டேன். கொடியோடு ஏழெட்டுப் பேர் வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். எங்கேயிருந்து வந்தாய் என்று ஒருத்தன் கேட்டான். இன்னொருத்தன் என் பையைப் பிடுங்கிச் சாலையில் போட்டான். மூச்சில் பீர் வாடை. எதிரே ஒரு அம்மாள் நாயோடு நின்று பார்த்தாள், பிறகு நடந்து போய்விட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா அக்கா. "நான் அவங்க ஆள் இல்லை. என் மனைவி நர்ஸ். உங்க அம்மா அப்பாவைப் பார்த்துக்கறவ. நாங்க விசா வாங்கி வந்தவங்க. நீங்க தேடறவங்க அந்த ஹோட்டல்ல இருக்காங்க."

"முன்பக்கம் போலீஸ் நிக்குதே" என்றான் ஒருத்தன்.

நான் பார்சல் டெலிவரி பண்ணுகிறவன். அந்த ஹோட்டலுக்கு வாரத்தில் நாலு நாள் போகிறேன். பின்பக்கச் சந்து எனக்குத் தெரியும். அவர்கள் கேட்கவில்லை. நானாகக் கையை நீட்டிக் காட்டினேன். சர்ச்சைத் தாண்டி இடது பக்கம் என்றேன்.

பையை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். "நல்ல பையன்" என்று ஒருத்தன் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

பின்பக்கம் சமையலறை ஜன்னல்களை உடைத்து உள்ளே போனார்கள். இத்ரீஸ் என்று ஒரு சூடான்காரர் இருக்கிறார். நான் பார்சல் கொண்டுபோனால் கேட்காமலே வந்து தூக்கி உதவுவார். கண்ணாடிச் சில் பட்டு அவருக்கு ஒரு கண் போய்விட்டது.

அந்தத் தட்டு இருக்கிறதே அக்கா, தோளில், அதை என்னால் மறக்க முடியவில்லை. கேவலமாக இருந்தது. அதே நேரம் நிம்மதியாகவும் இருந்தது. அப்புறம் செப்டம்பரில் நம்ம குரூப்பில் அந்த வீடியோ வந்தது. எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். நானும் விரட்டுகிற பக்கம் நிற்க வேண்டும் என்று தோன்றியது. அந்த வாய்ஸுக்கு நாற்பது பேர் லைக் போட்டார்கள்.

இதற்கு மேல் எழுத வரவில்லை. நிலத்தைப் பற்றி எழுதியதை மறந்துவிடு.

சதீஷ்


திருக்காட்டுப்பள்ளி
1.11.2025

சதீஷ்,

படித்தேன். நீ அழுதாய் என்று பூர்ணிமா சொன்னாள். நான் அழவில்லை. உனக்கு ஆறுதல் சொல்லி எழுதலாம் என்று உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டால் யாருக்கும் பயம் வரும். பயத்தில் நீ பொய் சொல்லியிருந்தால் எனக்குப் புரியும். நீ வழி சொல்லியிருக்கிறாய். அதுவும் சரியான வழி.

உன் தோளைப் பற்றி அத்தனை வரி எழுதினாய். அந்த மனுஷன் கண்ணைப் பற்றி ஒரே வரி. இரண்டு மாதம் கழித்தும் அவரை நீ போய்ப் பார்க்கவில்லை. அந்தச் சந்தைக் காட்டியது நீ என்று அங்கே போலீஸுக்குக்கூடத் தெரியாது. வாயை மூடிக்கொண்டு நடந்தே வேலைக்குப் போகிறாய். நடந்தால் ஆயிற்றா?

இதைச் சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லாமல் இருந்தது. அதனால் உன் கடிதத்தைப் படித்து முடித்த மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். "சார், அன்னைக்குப் பொய் சொன்னேன். அந்தக் குரல் என் தம்பி சதீஷோடது. கையை ஒடிச்சது என் சித்தப்பா நாகநாதன். நான் மூணு அடி தூரத்துல இருந்தேன்" என்றேன். எஸ்.ஐ. பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "யோசிச்சுச் சொல்றீங்களாம்மா? சொந்தம் ஆச்சே." யோசித்துத்தான் நாற்பது நாள் வீணாகிவிட்டது சார் என்றேன்.

மறுநாள் காலை சித்தி வாசலில் நின்று மண் வாரித் தூற்றினாள். "எவனோ ஒருத்தனுக்காக ரத்த சொந்தத்தை ஜெயிலுக்கு அனுப்புறியே" என்றாள். ரஃபிகுல் உள்ளே சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் இடது கையால் திண்டாடிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, "எவனோ ஒருத்தன்னு இவன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு சித்தி" என்றேன். போய்விட்டாள். அன்றிலிருந்து ஊரில் என்னோடு பேச்சுவார்த்தை கிடையாது. கடையில் சாமான் கொடுக்கிறார்கள், முகம் பார்ப்பதில்லை.

வேம்பு வந்தாள். நானே போயிருக்க வேண்டும், அவள் முந்திக்கொண்டாள். பாதி நட்ட வயல் அப்படியே கிடந்து நாற்று முற்றிவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நாங்க எட்டுப் பேர் வந்து மிச்சத்தை நட்டுத் தரோம். எங்க கூலி என்னன்னு உனக்குத் தெரியும், ஒரு பைசா குறைக்க மாட்டோம்" என்றாள்.

சரி என்றேன்.

"அந்த வங்காளத்து ஆளுங்க மேல எனக்கு ஆத்திரம்தான் ஆனந்தி. இல்லேன்னு சொல்லலை. ஆனா அந்த ஆத்திரம் என்னோடது. என்னைக் கேக்காம என் பேரைச் சொல்லி உங்க சித்தப்பா எதுக்கு அடிக்கணும்? எங்க தெருவுல தண்ணிக் குழாய் உடைஞ்சு மூணு மாசம் கிடந்துச்சு, அதுக்கு ஒரு மண்வெட்டி வந்துச்சா?"

அடி விழுந்த அன்று பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தாளாம் வேம்பு. எல்லாம் பார்த்திருக்கிறாள். அவளும் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட்டாள்.

உன்னை என்ன செய்யச் சொல்ல என்று எனக்குத் தெரியவில்லை. நீ சின்னப் பிள்ளை இல்லை. அந்த ஊர்ச் சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் உன் அடுத்த கடிதத்தில் வருத்தம் மட்டும் இருந்தால் எழுதவே வேண்டாம்.

ஆனந்தவல்லி


இங்கிலாந்து
13.11.2025

அக்கா,

திங்கள்கிழமை போலீஸுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். பூர்ணிமாவும் கூட வந்தாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது, "உன் விசாவையும் இது பாதிக்கலாம்" என்றேன். "எங்க வார்டுல ஒரு தாத்தா என் கையால மாத்திரை வாங்கமாட்டேன்னு மூணு மாசமா சொல்றார். வெள்ளைக்கார நர்ஸ் வேணுமாம். நான் தினமும் அவருக்குத் துணி மாத்தறேன். எதுக்குப் பயந்து என்ன ஆகப்போகுது, வா" என்றாள். இதை இத்தனை நாள் அவள் என்னிடம் சொன்னதில்லை. எனக்கு இங்கே பிரச்சினையே இல்லை என்று நான் உனக்கு எழுதியபோது அவள் பக்கத்து அறையில் இருந்தாள்.

இரண்டு மணி நேரம் வாக்குமூலம் எடுத்தார்கள். நடுவில் ஒரு போட்டோ காட்டினார்கள். பஸ் ஸ்டாப் கேமராவில் எடுத்தது. கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். முகம் தெளிவில்லை. "இது யாரென்று தேடிக்கொண்டிருந்தோம்" என்றார் அந்த அதிகாரி. என்னைச் சுற்றி நின்றவர்களில் மூன்று பேரை அடையாளம் காட்டினேன். தோளில் தட்டியவனையும். என்மேல் என்ன நடவடிக்கை என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார் வக்கீல். எது வந்தாலும் வரட்டும் என்று எழுத ஆசைதான், ஆனால் பயமாக இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இத்ரீஸை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். எந்த ஊர் என்று சொல்ல மாட்டார்கள். ஒரு கடிதம் எழுதி அதிகாரியிடம் கொடுத்தேன். சேர்ப்பிக்கிறேன் என்று அவர் உறுதி சொல்லவில்லை. அந்தச் சந்தைக் காட்டியது நான்தான் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்க வேண்டிய கடமை அவர் தலையில் விழும் என்று பூர்ணிமா சொன்னாள்.

நேற்று குரூப்பில் ஒரு வாய்ஸ் போட்டேன். பேப்பரில் எழுதி வைத்துப் படித்தேன்: "நான் சதீஷ். செப்டம்பரில் அடிச்சு விரட்டுங்கன்னு சொன்னது நான். பதினோரு பேரும் இந்த நாட்டுக்காரங்க. இல்லேன்னாலும் நான் சொன்னது தப்பு. என் பேச்சைக் கேட்டுத்தான் அடிச்சீங்க, அதுக்கு நானும் ஜவாப்தாரி." பத்து நிமிஷத்தில் என்னைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். சித்தப்பா மகன் தனியாக ஒரே வரி அனுப்பினான்: "வெள்ளைக்காரன் ஊர்ல இருக்கற திமிர்."

இதோடு எஸ்.ஐ.க்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அந்தக் குரல் என்னுடையது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கொடுத்துவிடு. விசாரணைக்குக் கூப்பிட்டால் வருகிறேன் என்றும் அதில் இருக்கிறது.

ரஃபிகுலிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. என் அறையில் ஜன்னலோரம் குளிர் அதிகம். கட்டிலை உள்பக்கமாகப் போடச் சொல்லு.

சதீஷ்


திருக்காட்டுப்பள்ளி
26.11.2025

தம்பி சதீஷுக்கு,

உன் கடிதத்தை எஸ்.ஐ.யிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன். வழக்கில் உன் பேரையும் சேர்ப்பார்கள் என்றார். சேருங்கள் என்றேன். சித்தப்பாவைக் கைது செய்து நாலாம் நாள் ஜாமீனில் விட்டார்கள். திரும்பி வந்தபோது பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் சால்வை போட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நியாயம் கேட்கப் பாதி வழி நடந்துபோய், அப்புறம் திரும்பி வந்துவிட்டேன். ஒரு மனுஷன் கையை ஒடித்ததற்குச் சால்வை. இந்த ஊரில்தான் நானும் வரி கட்டுகிறேன்.

வேம்பு ஆட்கள் நட்ட பாதி வயல் பின்தங்கியிருக்கிறது. போன வார மழையில் அது முழுக்கத் தண்ணீரில் நின்றது, வடிய இரண்டு நாள் ஆயிற்று. தேறுவது தேறட்டும். அடுத்த வருஷமும் அவர்களுக்கே நடவு என்று சொல்லிவிட்டேன், அவர்கள் கூலிக்கு.

ரஃபிகுல் நேற்றுக் கிளம்பிவிட்டான். கட்டு பிரித்தாயிற்று. விரல்களை மடக்க முடிகிறது, ஆனால் முழுதாக மூடவில்லை. டாக்டர் ஆறு மாதம் பயிற்சி செய்யச் சொல்கிறார். நாற்றுப் பிடித்து நடுவதற்கு விரல்தானே எல்லாம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் உன் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். இங்கிலாந்தில் நடந்தது, நீ போலீஸுக்குப் போனது, எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தான். முடித்ததும், "அண்ணாவுக்கு வேலை போயிடுமா?" என்றான். போனாலும் போகும் என்றேன். தலையை ஆட்டினான். உன்னை மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. சொன்னதாக நான் எழுதவும் மாட்டேன்.

தஞ்சாவூர் ஸ்டேஷன் வரைக்கும் நானும் வேம்புவும் போனோம். சென்னை போய், அங்கிருந்து ஹவுரா, அப்புறம் இன்னொரு ரயில். வேம்பு புளிசாதம் கட்டி எடுத்து வந்திருந்தாள். இடது கையால் வாங்கிக்கொண்டான்.

வண்டி வர நேரமிருந்தது. மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "கேஸ் கோர்ட்டுக்கு வரும்போது வருவியா ரஃபிகுல்? மூணு நாள் பிரயாணம். அவங்க வக்கீல் உன்னை எந்த நாட்டுக்காரன்னு திரும்பத் திரும்பக் கேப்பான்."

அவன் என்னைப் பார்த்து, யோசிக்காமல் சொன்னான்.

"சாட்சி சொல்ல வரேன் அக்கா. நடவுக்கு வரமாட்டேன்."

ஆனந்தவல்லி